மாமனார் கணக்கில் மருமகன் கையெழுத்து

தினேஷ்,

அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. அன்பு எங்கேயும் போய்விடவில்லை, அது இருக்கிற இடத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் இப்போது அதற்கு மேலே நிற்பது கோபம். இந்தக் கோபத்தை இடுப்பில் செருகிக்கொண்டேதான் உன் கல்யாணத்துக்குப் புடவை எடுத்தேன், சமையல்காரரிடம் பேரம் பேசினேன், ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன். நீ போனில் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டபோதெல்லாம் சாப்பிட்டேன் என்று சொன்னேன். இனிமேல் அடக்க முடியாது. பேசலாம் என்றால் ஆபீஸ் பக்கம் என்று நீ ஈஜிபுராவில் அறை எடுத்துப் போய்விட்டாய். போனிலோ இரண்டாவது வார்த்தையிலேயே "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

இது முதலில் உன்னிடம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்த பிறகு நம் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் போடப்போகிறேன். அங்கே என்ன நடந்தாலும் ஒரு வார்த்தையைக்கூட மாற்றப்போவதில்லை. உன் ஆடிட் ரிப்போர்ட்டை அந்தக் குழுவில்தானே போட்டார்கள்? கட்டைவிரல் உயர்த்தியும் பூங்கொத்து வைத்தும் எத்தனை பேர் அதைக் கொண்டாடினார்கள்? அவர்கள் எல்லாரும் இதையும் படிக்கட்டும்.

ஆண்டுக் கூட்டத்தில் நான் நான்காவது வரிசையில், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். உன்னை மேடைக்குப் பக்கத்தில், செயலாளருக்கும் பொருளாளருக்கும் நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த நாற்காலியைப் பார்த்ததுமே எனக்கு ஏதோ உறுத்தியது. கணக்கைச் சரிபார்க்கிறவன் கணக்கு எழுதியவர்களோடு தோளோடு தோள் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அவன் என் மகன். வரவு செலவைப் படித்து முடித்ததும் மூன்றாவது மாடி மஞ்சுளா எழுந்தாள். ஓசூர் ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாளே, அவள்தான். புருஷன் இல்லாமல் ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு, டியூட்டி முடிந்து தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அக்டோபர்ல அவ்வளவு மழை பெஞ்சுது. அந்த மாசமும் ஏப்ரல் மாதிரியே தண்ணி டேங்கர் வந்ததா கணக்குல இருக்கே, அதை யாரு பார்த்தாங்க?"

இதில் என்ன தப்பு? நம் சந்தாபுராவில் குடியிருக்கிற யாருக்கும் தோன்றக்கூடிய கேள்விதான். குழாயைத் திறக்கும் முன் இன்றைக்கு டேங்கர் வந்ததா என்று வாட்ச்மேனைக் கேட்கிற ஊரில், டேங்கரைப் பற்றிக் கேட்காமல் வேறு எதைப் பற்றிக் கேட்பார்கள்? டேங்கர்காரருக்கு போன் செய்வதும் பணம் கொடுப்பதும் பொருளாளர் சண்முகம் அண்ணாவின் வேலை. அவர் எழுந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். அவர் எழவும் எழுந்தார். நீ அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, மைக்கை வாங்கினாய். "மேடம், அக்கவுண்ட்ஸ் தெரியாம பேசக்கூடாது. மாமா எல்லா பில்லும் என்கிட்ட காட்டிட்டாரு. நான் பார்த்துக் கையெழுத்து போட்டிருக்கேன். அதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

மாமா! அத்தனை பேர் முன்னால், கையில் ஆடிட் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, எந்தக் கூச்சமும் இல்லாமல் மாமா என்றாய். கூட்டம் சிரித்தது. நிச்சயதார்த்தச் சாப்பாடு சாப்பிட்டு பதினைந்து நாள்கூட ஆகாத கூட்டம், அதே பார்ட்டி ஹாலில் புது மாப்பிள்ளையின் வாயில் மாமா என்று வந்ததும் குழைந்து சிரித்தது. உன் அப்பாவும் சிரித்தார். மஞ்சுளா சிரிக்கவில்லை. நிச்சயதார்த்தத்தன்று அவளுக்கு டியூட்டி, அவள் வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் குனிந்து ஏதோ கேட்டாள், அந்தப் பெண் காதில் ஏதோ சொன்னாள். மஞ்சுளா நிமிர்ந்து முதலில் உன்னைப் பார்த்தாள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தேன். உன்மேல் இருக்கிற கோபத்தில் கொஞ்சம் என்மேலும் உண்டு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் உன்னிடம் கேட்டேன். "நான் ஒரு பைசா தப்பா கையெழுத்து போடலம்மா. எல்லாம் சுத்தமா இருக்கு" என்றாய். உன்னை யார் திருடன் என்று சொன்னது? உன் கை சுத்தம் என்று எனக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாதா? மூன்றாவது மாடியில் இருப்பவள் உன்னைப் பெறவில்லை. அவளுக்கு உன்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நீ ஒரு ஆடிட்டர், பொருளாளரின் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் என்பதுதான். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் உன் கையெழுத்தை எப்படி நம்புவது? உன் மனசைத் திறந்து பார்க்கவா முடியும்? ஆடிட்டர் என்று ஒருவரை வைப்பதே, முகம் தெரியாதவர்களும் நம்பட்டும் என்றுதானே? தெரிந்தவர்கள் மட்டும் நம்பினால் போதும் என்றால் சண்முகம் அண்ணா சொன்னாலே போதுமே, நீ எதற்கு?

அதற்கு நீ சொன்ன பதில்தான் என்னை எரித்துவிட்டது. "இது என்ன பெரிய கம்பெனியாம்மா? அபார்ட்மெண்ட். எல்லாருக்கும் விஷயம் தெரியும். எல்லாரும் வந்து சாப்பிட்டுட்டுதானே போனாங்க?" கேசரி சாப்பிட்டவர்கள் எல்லாரும் உன் ஆடிட்டுக்குச் சம்மதம் சொன்னவர்கள் ஆகிவிடுவார்களா? ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதினாயா, நான் பொருளாளரின் வருங்கால மருமகன் என்று? கூட்டத்தில் எழுந்து சொன்னாயா? பந்தியில் தெரிந்துகொள்வது வேறு, நீ எழுந்து நின்று உன் வாயால் சொல்வது வேறு. உன் வேலையில் இந்த வித்தியாசம்தான் முதல் பாடம் என்று நினைக்கிறேன். நான் கணக்கு டீச்சர்தான், ஆடிட் படித்தவள் இல்லை. ஆனாலும் எனக்கே தெரிகிறது.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் உன் அப்பாவின் கைங்கரியம் பெரியது. ஈஜிபுரா வாடகை வீட்டிலிருந்து இங்கே சொந்த வீட்டுக்கு வந்த புதிதில், சங்கக் கூட்டத்தில் ஆடிட்டர் வைப்பது பற்றிப் பேச்சு வந்தது. வெளி ஆள் என்றால் ஃபீஸ் கேட்பான் என்று எல்லாரும் இழுத்தார்கள். உன் அப்பா எழுந்தார். "என் பையன் ஆடிட்டர்தாங்க. நம்ம பையன் இருக்கும்போது வெளியாள் எதுக்கு? ஒரு பைசா வேணாம்." கைதட்டல், சால்வை, கௌரவ ஆடிட்டர் என்று ஒரு பட்டம். உன்னைக் கேட்கவே இல்லை, நீயும் மறுக்கவில்லை. இது நம் அபார்ட்மெண்டில் மட்டும் நடக்கிற விஷயமில்லை. இந்தப் பக்கத்தில் பத்து அபார்ட்மெண்டைப் போய்ப் பார், யாரோ ஒரு வீட்டுப் பையனோ மருமகளோ இலவசமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். லிஃப்ட் ரிப்பேர் என்றால் வெளி ஆளைக் கூப்பிடுகிறோம். செப்டிக் டேங்க் என்றால் வெளி ஆளைக் கூப்பிடுகிறோம். நம் மேலேயே ஒரு கண் வேண்டும் என்கிற இடத்தில் மட்டும் நம் வீட்டுக் கண்ணே போதும் என்கிறோம். இலவசமாகச் செய்கிறவனிடம் யார் கேள்வி கேட்பார்கள்? "பாவம், சும்மா செய்யறான்" என்ற ஒரு வார்த்தையிலேயே எல்லார் வாயும் அடைந்துபோகும்.

அடுத்த வருஷம் சண்முகம் அண்ணா பொருளாளர் ஆனார். ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர், நறுக்காக எழுதி வைப்பார், ஆனால் கம்ப்யூட்டர் என்றால் ஓடுவார். நீ உதவிக்குப் போனாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு டைனிங் டேபிளில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவர் கொடுக்கிற பில்களை நீயே ஏற்றினாய், நீயே கூட்டினாய், நீயே தலைப்புப் போட்டாய். வருஷக் கடைசியில் அதே கணக்கை நீயே சரிபார்த்து நீயே சரி என்று கையெழுத்தும் போட்டாய். என் வகுப்பில் ஒரு பையன் அவன் பேப்பரை அவனே திருத்தினால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். அந்த டேபிளில்தான் அவர் மகள் நித்யா உனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள், அங்கேதான் மற்றதும் ஆரம்பித்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பெண்ணை எனக்கு உன்னைவிடப் பிடித்துப்போய்விட்டது என்று உன் அப்பாவிடமே சொல்லியிருக்கிறேன். காதல் வந்தது நல்ல விஷயம். அது வந்த அன்றைக்கே பேனாவை மூடி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நீ இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டாய்.

உனக்கு விஷயம் தெரியாது என்றால் நான் இவ்வளவு எரிச்சல்பட மாட்டேன். நன்றாகத் தெரியும். நீ இந்த வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மத்தியானம் போன் செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி, "அப்பா பேர்ல இந்த ஷேர் இருக்காம்மா?" என்று கேட்டாய். இருந்தது, சில்லறைத் தொகைதான். உடனே விற்கச் சொன்னாய். உங்கள் ஆபீஸ் அந்தக் கம்பெனியை ஆடிட் செய்கிறதாம், ஆடிட்டில் இருக்கிறவனின் வீட்டார் அதில் ஒரு ஷேர்கூட வைத்திருக்கக் கூடாதாம், வருஷா வருஷம் நீ எழுதிக் கொடுக்க வேண்டுமாம். சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா குதித்தார். "என் கையில நாலு ஷேர் இருந்தா அந்தக் கம்பெனி கவுந்துடுமாடா?" நீ பொறுமையாகச் சொன்னாய்: "கவுறாதுப்பா. ஆனா நான் பார்க்கிற கணக்குல நமக்கு ஒரு விரல்கூட இருக்கக் கூடாது." அன்றைக்கு நான் கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

அதே தினேஷ்தானே நீ? யாரோ முதலாளியின் கம்பெனி என்றால் அப்பாவின் நாலு ஷேரும் உறுத்துகிறது, சந்தாபுரா அபார்ட்மெண்ட் என்றால் பொருளாளரின் மகளையே கட்டிக்கொண்டாலும் உறுத்தாது. நான் இதை எப்படி எடுத்துக்கொள்வது? அங்கே இருக்கிறவர்கள் கோட்டுப் போட்டவர்கள், அவர்களுக்கு விதி வேண்டும். இங்கே மஞ்சுளாவும் நானும் எஸ் பிளாக் பிளம்பர் குடும்பமும், எங்களுக்கு மாப்பிள்ளையின் வாக்கு போதும். எங்களை அவ்வளவு சின்னவர்களாக நினைத்துவிட்டாய். மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிடுவேன், இதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை.

நீ ஏழாவது படிக்கும்போது நடந்தது ஒன்று இருக்கிறது. காக்ஸ் டவுனில் என் பள்ளிக்கூடத்தில்தான் நீயும் படித்தாய். பேச்சுப் போட்டிக்கு மூன்று நடுவர்கள், நான் ஒருத்தி. பெயர்ப் பட்டியலில் உன் பெயரைப் பார்த்ததும் தலைமையாசிரியையிடம் போய் வேறு ஆளைப் போடச் சொல்லிவிட்டு, சாமான் அறையில் நாற்காலி எண்ணுகிற வேலைக்குப் போய்விட்டேன். உனக்கு மூன்றாவது பரிசு வந்தது. பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற வரைக்கும் நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். வீட்டுக்கு வந்ததும் வெடித்தாய். "நீ இருந்திருந்தா நியாயமாத்தானே மார்க் போட்டிருப்பே? நான் நல்லாத்தானே பேசினேன்?" ஆமாம், நியாயமாகத்தான் போட்டிருப்பேன். ஒருவேளை உனக்கு முதல் பரிசும் வந்திருக்கும். நீ அதற்குத் தகுதியானவனாகவும் இருந்திருப்பாய். ஆனால் தோற்றுப்போன பிள்ளைகளின் அம்மாக்கள் கீழே உட்கார்ந்து என்ன நினைத்திருப்பார்கள் என்று அன்றைக்கு உன்னிடம் சொன்னேன். அந்தக் கோப்பையை யாரிடமாவது காட்ட உனக்கே கூச்சமாக இருந்திருக்கும் என்றும் சொன்னேன். நீ அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் தோசைக் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "சரி, புரியுது" என்றாய். பன்னிரண்டு வயசில் புரிந்தது முப்பது வயசில் எப்படி மறந்தது?

போன வாரம் நித்யா வந்திருந்தாள். வழக்கமாக வந்ததும் சமையலறைக்கு வருகிற பெண், அன்று சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். "அத்தை, அப்பா வாக்கிங் போறதையே விட்டுட்டாரு" என்றாள். என்ன என்று கேட்டேன். லிஃப்டில் யாரோ அவரிடம், "உங்களுக்கென்ன சார், வீட்டுக்குள்ளேயே ஆடிட்டர்" என்று சொன்னார்களாம். விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பார்கள். அதற்குப் பிறகு அவர் பால் வாங்கக்கூடக் கீழே இறங்கவில்லையாம். பழைய டேங்கர் சீட்டுகளை எல்லாம் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். "அந்த அக்டோபர்ல போர்வெல் மோட்டார் எரிஞ்சு போச்சு அத்தை. ரிப்பேருக்குப் போயி வர நாளாச்சு. அதான் டேங்கர். இதைச் சொல்லத்தான் அன்னிக்கு எழுந்தாரு. இவருதான் உட்கார வெச்சுட்டாரு."

இவ்வளவுதான் விஷயம். மோட்டார் எரிந்துபோனது. சம்பந்தமில்லாத ஒரு ஆடிட்டர் இருந்திருந்தால், இந்த வருஷம் மழையிலும் ஏன் டேங்கர் என்று அவரே கேட்டிருப்பார், மெக்கானிக்கின் பில்லைப் பார்த்திருப்பார், ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதியிருப்பார். மஞ்சுளா படித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பாள். இப்போது சண்முகம் அண்ணா அதே மோட்டார் கதையைச் சொன்னால் என்ன ஆகும்? மாப்பிள்ளையும் மாமனாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த பதில் என்பார்கள். நித்யா சொன்னால் நான் நம்புவேன், அவள் என் வீட்டுக்கு வரப்போகிற பெண். மஞ்சுளா ஏன் நம்ப வேண்டும்? அந்த மனிதர் நாற்பது வருஷம் ஸ்டோர்ஸில் இருந்தவர், ஒரு போல்ட் நட்டு காணோம் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னாலும் பொய் மாதிரிக் கேட்கிற நிலைமைக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது மஞ்சுளாவின் கேள்வி இல்லை. உன் கையெழுத்துதான். மாமனாரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் முகத்தில் நீயே கரி பூசிவிட்டாய்.

இன்னொன்றும் நித்யா சொன்னாள். நிச்சயதார்த்தம் முடிவானதும் சண்முகம் அண்ணாவே உன்னிடம் கேட்டாராமே, "மாப்ளே, இனிமே நீங்க பார்க்கிறது நல்லா இருக்காது, வேற ஆடிட்டரை வெச்சுக்கலாமா?" என்று? நீ என்ன சொன்னாய்? "அதெல்லாம் வேணாம் மாமா, நான் இருக்கேன்ல?" அந்த மனிதருக்குத் தெரிந்தது, பரீட்சை எழுதி, பட்டம் வாங்கி, பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்டுக்கொள்கிற உனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுகூட நான் நம்பவில்லை. நான் இருக்கிறேன் என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகம்தான் உன் அப்பாவைக் கூட்டத்தில் எழுந்து நிற்க வைத்தது. உனக்கும் அது அப்படியே வந்திருக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மஞ்சுளா சும்மா இருக்கவில்லை. வெளி ஆடிட்டர் வேண்டும் என்று ஒரு மனு எழுதி வீடு வீடாகப் போய்க் கையெழுத்துக் கேட்டாள். சிலர் போட்டார்கள், பலர் கதவைப் பாதி திறந்துவிட்டு மூடினார்கள். செயலாளருக்குக் கோபம் வந்துவிட்டது. சங்கத்தின் பெயரைக் கெடுத்ததற்காக அவள் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்மானம் போட இந்த ஞாயிற்றுக்கிழமை சிறப்புக் கூட்டம் கூட்டியிருக்கிறார். அதற்கு அவர் காட்டப்போகிற ஒரே ஆதாரம் உன் ரிப்போர்ட். "ஆடிட்டர் சரின்னு சொன்ன பிறகு கேட்டா அது அவதூறுதானே?" என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். உன் அப்பா தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

நேற்று படியில் மஞ்சுளாவைப் பார்த்தேன். லிஃப்டில் வருவதில்லையாம், உள்ளே இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்களாம். சாதாரணமாகத் தமிழில்தான் என்னிடம் பேசுவாள், நேற்று கன்னடம் வந்துவிட்டது. "நானு யாரன்னூ கள்ள அந்த ஹேளில்ல டீச்சர்" என்றாள். யாரையும் திருடன் என்று சொல்லவில்லை என்கிறாள். பிறகு கொஞ்சம் தணிந்து, "கேள்வி கேட்டதுக்கு எதுக்கு டீச்சர் மன்னிப்பு? என் பொண்ணு கேட்கிறா, அம்மா நீ என்ன தப்பு பண்ணினேன்னு" என்றாள். வீட்டை விற்றுவிட்டு ஆஸ்பத்திரி பக்கமே வாடகைக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறாளாம். கடன் வாங்கி, ஆசையாய் வாங்கிய வீடு அது. ஒரு பெண் தன் வீட்டை விட்டுப் போக யோசிக்கிறாள், அதற்குக் காரணமாக நிற்பது என் பிள்ளையின் கையெழுத்து. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

அதனால் கேட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ வரவேண்டும். மேடைப் பக்கத்து நாற்காலியில் உட்காராதே. தீர்மானம் எடுக்கும் முன் எழுந்து, நான் கையெழுத்துப் போட்டபோது பொருளாளரின் மகளோடு எனக்கு நிச்சயமாகியிருந்தது, அந்தக் கணக்கை நானே ஏற்றியிருந்தேன், இந்த ரிப்போர்ட்டை நான் போட்டிருக்கவே கூடாது, திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல். கணக்கு சரியா தப்பா என்று ஒரு வார்த்தை பேசாதே, அதைச் சொல்கிற இடத்தில் நீ இல்லை. ஃபீஸ் கொடுத்து, நம்மில் யாருக்கும் முகம் தெரியாத ஒருவரை வைக்கச் சொல். மோட்டார் விஷயத்தைச் சண்முகம் அண்ணா தன் வாயால் சொல்லட்டும், நடுவில் புகுந்து அவர் கையைப் பிடிக்காதே. உன் பெயர் கெடும், ஆபீஸில் தெரிந்தால் சங்கடம் என்று யோசிப்பாய். கொஞ்சம் கெடும்தான், கெட்டுவிட்டுப் போகட்டும். இனி நீ எங்கே கையெழுத்துப் போட்டாலும் அதற்கு முன் ஒரு நிமிஷம் இந்தச் சங்கடம் ஞாபகம் வந்தால் எனக்குப் போதும்.

நீ வராவிட்டாலும், வந்து வாயைத் திறக்காவிட்டாலும், நான் இருப்பேன். இந்த முறை நான்காவது வரிசையில் இல்லை, மஞ்சுளாவின் பக்கத்து நாற்காலியில். கையைத் தூக்கி, இந்த ஆடிட்டர் பொருளாளருக்கு என்ன உறவு என்று கேட்பேன். தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை, எல்லாருக்கும் புரிகிற மாதிரி. அந்தக் கூட்டத்தில் நான் உன் அம்மா இல்லை, மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிற ஒரு வீட்டுக்காரி. நித்யாவிடம் இதைச் சொல்லிவிட்டேன். "போங்கத்தை, கேளுங்க" என்றாள். உன் அப்பா இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை, வீடு அமைதியாக இருக்கிறது.

கல்யாணப் பத்திரிகை நம் பிளாக் முழுக்கக் கொடுத்தாயிற்று. ஒரே ஒரு உறைதான் பாக்கி. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மேலே மஞ்சுளா பெயரையும் அவள் பெண் பெயரையும் நானே எழுதி ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். அதை நான் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன், உன் அப்பாவும் கொடுக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் நீயும் நித்யாவும் மூன்று மாடி ஏறி அவள் கதவைத் தட்டிக் கொடுக்க வேண்டும். அவள் கதவைத் திறந்து உன் முகத்தைப் பார்ப்பாள்.

அம்மா